உரோம நீக்கமும் சமூக உறவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களையும் ஆண்டுகளையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு கருவி எத்தேவையின் பொருட்டுத் தோன்றிற்று, அத்தேவையை வரையறுத்தோர் யாவர், அதற்கான விலையைச் செலுத்தியோர் யாவர் என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. ஓமோன் கோளாறுகளாற் பெண்களின் முகத்திலும் உடலிலும் மிகுதியாக வளரும் உரோமத்தை அகற்றும் முறைகளின் வரலாறு இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகவும் ஏற்றது. பொருள் அற்பமானது எனச் சிலர் கருதக்கூடும். அற்பமானவை எனத் தள்ளப்பட்டவற்றிலேயே சமூக உறவுகள் திரையின்றி வெளிப்படுகின்றன.

முதலில் நோயை நோக்குவோம். பெண்ணுடலிலும் ஆண்தன்மை ஓமோன்கள் சிறிதளவிற் சுரக்கின்றன. அவை மிகும்போதோ, மயிர்ப்புடைப்புக்கள் அவற்றுக்கு அளவு கடந்து துலங்கும்போதோ மேலுதட்டிலும் நாடியிலும் மார்பிலும் கருமையான தடித்த உரோமம் தோன்றுகிறது. 1921ஆம் ஆண்டு பரிஸ் நகரத்து மருத்துவர்களான அஷாரும் தியேரும் இந்நிலையை நீரிழிவோடு தொடர்புபடுத்தி, 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' எனப் பெயரிட்டனர். 1935இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்ரைனும் லெவெந்தாலும் ஏழு பெண்களை ஆராய்ந்து, மாதவிடாய்க் குழப்பத்தையும் சூலகங்களிற் காணப்பட்ட பல நீர்க்கட்டிகளையும் இணைத்துக் காட்டினர். இன்று இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 வீதத்தினருக்கு இந்நோய் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையிலான பெண்களிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, அங்கு 6.3 வீதத்தினரிடம் இந்நோயைக் கண்டது. ஆகவே இது மேனாட்டுச் சீமாட்டிகளின் கவலை மட்டுமன்று.

நோய் உண்மையானது. ஆயின் நோயின் எல்லையை வகுத்தது உடற்றொழிலியல் மாத்திரமன்று. 1915இல் ஜில்லெற் நிறுவனம் பெண்களுக்கெனத் தனியாகச் சவரக்கத்தியை விற்பனைக்கு விட்டது. கையில்லாத உடைகள் வழக்கிற்கு வந்த அக்காலத்தில், அக்குள் உரோமம் நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்னும் கருத்தை ஐக்கிய அமெரிக்காவின் மகளிர் சஞ்சிகைகளின் விளம்பரங்கள் பரப்பின. ஆண்களின் சந்தை ஏலவே கைப்பற்றப்பட்டிருந்த நிலையிற் புதிய நுகர்வோர் தேவைப்பட்டனர். பெண்ணுடல் இயல்பாகவே உரோமமற்றது என்ற கற்பனை பரவப் பரவ, நோயுற்ற பெண் மேலும் ஒதுக்கப்பட்டவளானாள். சந்தை இருவரையும் உருவாக்கியது: நோயின்றியே வெட்கமுற்றவளையும், நோயோடு இருமடங்கு வெட்கமுற்றவளையும்.

இவ்வெட்கத்தின் மீது எழுந்த வணிகத்தின் கொடுமை சொல்லுந்தரத்ததன்று. 1875இல் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்ள்ஸ் மிஷெல், கண்ணுள் வளைந்து வளரும் இமைமயிரை மின்னூசியால் நிலையாக அகற்றும் முறையை வெளியிட்டார். அது பயனுள்ள முறையே. எனினும் ஒவ்வொரு மயிராக அகற்றவேண்டியிருந்தமையால் நீண்ட உழைப்பை வேண்டிநின்றது; எனவே செலவும் மிகுந்தது. விரைவான, மலிவான வழி தேடப்பட்டது. எக்ஸ் கதிர் அறியப்பட்ட மறு ஆண்டே, அதாவது 1896இல், வியன்னாவில் லெயொபோல்ட் பிரொயின்ட் ஒரு சிறுமியின் உரோமம் அடர்ந்த மறுவை அக்கதிரால் உதிரச் செய்தார். 1920களில் நியூயோர்க் மருத்துவர் அல்பேட் கைசர் 'ற்றிக்கோ' என்னும் எக்ஸ் கதிர்ப் பொறியை அழகு நிலையங்களுக்குப் பரப்பினார். மருத்துவப் பயிற்சியற்றோர் அதனை இயக்கினர். வலியில்லை, வடுவில்லை என்று விளம்பரங்கள் கூறின. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கண்டித்தது. அதற்குள் எண்ணற்ற பெண்கள் கதிர்வீச்சுக்கு உள்ளாகியிருந்தனர். தோல் சுருக்கம், ஆறாப் புண், புற்றுநோய் ஆகியன பல்லாண்டுகளின் பின்னரும் அவர்களிடம் தோன்றின.

1930இன் பின் விற்பனையான 'கொரெம்லு' என்னும் களிம்பு இதனினும் அச்சந்தருவது. எலி நஞ்சாகப் பயன்பட்ட தலியம் என்னும் உலோகத்தின் உப்பே அதன் சாரம். பூசிய பெண்கள் தலைமயிரை இழந்தனர், நரம்பு தளர்ந்தனர், சிலர் பார்வை குன்றினர். நட்டஈட்டு வழக்குகளால் நிறுவனம் முறிந்தது. ஆனால் அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அன்று அந்நாட்டு அரசுக்கு இருக்கவில்லை. 1938இல் நிறைவேறிய உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டமே அவ்வதிகாரத்தை வழங்கியது. பாதுகாப்பு என்பது சந்தை தானாக ஈந்த கொடையன்று. பாதிக்கப்பட்ட உடல்களைச் சான்றாகக் காட்டிப் பெறப்பட்டது.

இனி லேசருக்கு வருவோம். 1960இல் தியடோர் மெய்மன் முதலாவது லேசரை மாணிக்கக் கல்லைக் கொண்டு இயக்கினார். 1983இல் அண்டர்சனும் பரிஷும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். ஒளியின் அலைநீளத்தையும் துடிப்பின் கால அளவையும் தக்கவாறு தெரிவு செய்தால், அயலிலுள்ள இழையத்தைக் காத்து இலக்கை மட்டும் வெப்பத்தால் அழிக்கலாம் என்பது அதன் சாரம். உரோமத்தைப் பொறுத்தவரை மெலனின் என்னும் நிறப்பொருளே ஒளியை உறிஞ்சுவது. 1995இல் ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிருவாகம் முதலாவது உரோம நீக்க லேசருக்கு அனுமதி வழங்கியது. பின்னர் அது இசைந்த சொற்றொடர் 'நிலையான உரோமக் குறைப்பு' என்பதேயன்றி 'நிலையான நீக்கம்' என்பதன்று. வளர்பருவத்திலுள்ள மயிரே பெரிதும் தாக்கப்படுவதாற் பல தடவைகள் சிகிச்சை வேண்டும். ஓமோன் கோளாறு லேசரால் நீங்குவதில்லையாதலாற் புதிய உரோமம் மீண்டும் எழலாம். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரவேண்டிய இந்நிலை வணிகருக்கு உவப்பானது.

இத்தொழில்நுட்பத்தின் உள்ளமைப்பிலேயே ஒரு பாரபட்சம் உறைந்திருந்தது மனங்கொள்ளத்தக்கது. வெளிறிய தோலும் கரிய உரோமமும் உடையோருக்கே 694 நனோமீற்றர் மாணிக்க லேசர் பொருந்தியது. கரிய தோலிலோ மேற்றோலின் மெலனினே ஒளியை உறிஞ்சிக்கொள்ள, தீப்புண்ணும் நிறமாற்றமும் நேர்ந்தன. ஆழ ஊடுருவும் 1064 நனோமீற்றர்க் கருவிகள் பரவிய பின்னரே கரிய தோலுடையோருக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. ஒளிக்கு இனவெறி இல்லை. ஆனால் எத்தோலை முன்மாதிரியாகக் கொண்டு கருவியைச் சமைப்பது என்பது சமூகத் தெரிவு.

மூலதனத்தின் தெரிவுகளை இன்னும் துலக்கமாகக் காட்டுவது எஃப்லோர்னிதின் என்னும் மருந்தின் கதை. புற்றுநோய்க்கென ஆக்கப்பெற்ற அது, ஆபிரிக்கத் தூக்க நோயைக் குணப்படுத்துவதாக அறியப்பட்டு 1990இல் அதற்கென அனுமதி பெற்றது. நோயுற்றோர் வறியோராதலால் இலாபமில்லை என 1990களின் நடுப்பகுதியில் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. மாற்று மருந்தோ நஞ்சாகிய ஆசனிக்கைக் கொண்டது. அதுவே நோயாளர் சிலரைக் கொன்றது. 2000ஆம் ஆண்டில் அதே எஃப்லோர்னிதின் பெண்களின் முக உரோம வளர்ச்சியைத் தணிக்கும் களிம்பாகச் சந்தைக்கு வந்தது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கொடுத்த அழுத்தத்தின் பின், 2001இல் தூக்க நோயாளருக்கும் அதனை வழங்க உடன்பாடு ஏற்பட்டது. மனித உயிரைக் காக்கும் பயன்மதிப்பு மாத்திரம் ஒரு மருந்தை உற்பத்தியில் வைத்திருக்கப் போதவில்லை. பரிவர்த்தனை மதிப்பு வேண்டியிருந்தது.

இங்கு நம்மவரிற் சிலர் ஒரு தவறான முடிவுக்கு விரைதல் கூடும். அனைத்தும் முதலாளித்துவம் புனைந்த போலித் தேவையே, பெண்கள் இவ்வெட்கத்தை உதறிவிட்டாற் போதும் என்பது அம்முடிவு. இது வறட்டுவாதம். இலண்டனில் சூலக நீர்க்கட்டி நோயுள்ள 88 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஆய்வில், முறையான லேசர் சிகிச்சையை ஐந்து தடவை பெற்றோர் உரோமம் நீக்கச் செலவிட்ட நேரம் வாரத்துக்கு 112 நிமிடத்திலிருந்து 21 நிமிடமாகக் குறைந்தது. மனச்சோர்வும் பதகளிப்பும் தணிந்தன. கதவை அடைத்துக்கொண்டு கண்ணாடி முன் கழிந்த அந்நேரம் கூலியற்ற, பிறர் காணாத உழைப்பு. சமூகம் உருவாக்கிய துன்பம் என்பதால் அது துன்பமன்று என ஆகிவிடாது. பசியும் சமூக ஒழுங்கால் விளைவதே. அதனாற் பசித்தவருக்குச் சோறு மறுப்பார் உளரோ?

எனவே விவாதத்துக்குரியது லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. இச்சிகிச்சை 'மருத்துவம்' என வகுக்கப்படுமாயின் பொதுச் சுகாதார சேவையின் பொறுப்பாகும். 'அழகு' என வகுக்கப்படுமாயின் பணமுடையோரின் உரிமையாகும். பிரித்தானியாவிற் கூட, பொதுச் செலவில் இது கிடைப்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. வெட்கத்தை விற்பவரை அம்பலப்படுத்துவதும், வெட்கத்தாற் துன்புறுபவளுக்குத் தகுந்த சிகிச்சையைப் பொது உரிமையாகக் கோருவதும் ஒரே போராட்டத்தின் இரு கூறுகள். ஒன்றை விட்டு மற்றையதை மேற்கொள்வோர், பெண்ணைச் சந்தையிடமோ மௌனத்திடமோ கையளித்தவராவர்.