களி போய்ச் சோறு வந்தபோது

தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சத்தான உணவு எது என்று தெரியவில்லை என்ற குறை மேடைக்கு மேடை கேட்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதற்கு அவர்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது அநியாயம். அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதை மழையும் மில்லும் ரேஷன் கடையும்தான் பெரும்பாலும் முடிவு செய்தன.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து மானாவாரி ஊர்களில் முன்பெல்லாம் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் களி, கூழ். திருகையில் அரைத்த கேழ்வரகு மாவை இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் சுமார் 10. கம்பிலுள்ள இரும்புச்சத்தும் அரிசியில் இருப்பதைப் போலப் பல மடங்கு. மில்கள் பெருகி, 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் வந்து, 2011-ல் ரேஷன் அரிசி இலவசமும் ஆனபின் களி பின்னுக்குப் போனது. பசியை அறிந்த வீடுகளுக்கு அந்த அரிசி பெரும் ஆறுதல். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சோறு மதிப்பாகவும் கூழ் இல்லாமையின் அடையாளமாகவும் ஆனதுதான் கேடு.

கூழ் குடித்த காலத்துப் பெண்கள் மட்டும் திடமாகவா இருந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறுங்காலோடு வயலில் இறங்கியவர்களைக் கொக்கிப்புழு பிடித்தது. அடுத்தடுத்த பிரசவங்கள் உடம்பை உருக்கின. சிறுதானியத்தில் உள்ள ஃபைட்டேட் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். புளிக்க வைத்தால் அது ஓரளவு குறையும், அவ்வளவே. ஆகவே கூழ் ஒன்றே இரத்தசோகையைத் தடுத்திருக்கும் என்று நான் வாதாடவில்லை. எளிதில் உடம்பில் சேரும் இரும்பு கறியிலும் மீனிலும் இருக்கிறது. அது யாருக்குக் கிடைத்தது? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவளுக்குப் பல வீடுகளில் மிஞ்சியது அடிச்சட்டிக் குழம்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்த அளவோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19. கூடுதலாக வேண்டியவளுக்குக் குறைவாகக் கொடுத்த பந்தி வழக்கம் கூழ்க் காலத்திலும் இருந்தது, சோற்றுக் காலத்திலும் தொடர்ந்தது. பெண்களை மறுபடி திருகைக்கு அனுப்பச் சொல்கிறேனா என்றால், இல்லை. கேழ்வரகை மில்லிலேயே அரைத்துக்கொள்ளலாம். 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கியதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். பந்தி வரிசையை மாற்றுவது அரசாணையால் ஆகாது. அது வீட்டு ஆண்கள் செய்ய வேண்டிய வேலை.