வளர்ந்தோர் முகப்பரு

வளர்ந்தோர் முகப்பரு என்பது 25 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றும், அல்லது பதின்ம வயதில் தொடங்கி அவ்வயதுக்குப் பின்னும் நீங்காது திரும்பத் திரும்ப வரும் முகப்பரு ஆகும். இது ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முகத்தில் எழும் சிறு பொரிகள் எல்லாம் முகப்பரு அல்ல. தோற்றத்தில் ஒத்த வேறு சில தோல் நிலைகளும் உள்ளன. அவற்றின் சிகிச்சைகள் வேறுபடுவதால், மாதக்கணக்கில் மருந்திட்டும் குணமாகாத பொரிகள் பருக்கள்தாமா என்பது முதலில் ஆராயப்பட வேண்டும்.

உருவாகும் விதம்

மயிர்ப்பைகளுடன் இணைந்துள்ள நெய்ச்சுரப்பிகள் சீபம் என்னும் நெய்ப்பொருளைச் சுரக்கின்றன. முகப்பரு உருவாவதில் நான்கு நிகழ்வுகள் பங்கு கொள்கின்றன.

1. ஆண்ட்ரோசன் இயக்குநீர்களின் தூண்டலால் சீபம் மிகுதியாகச் சுரத்தல்.
2. உதிரும் தோல் உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு மயிர்ப்பையின் வாயை அடைத்தல்.
3. கியூட்டிபாக்டீரியம் அக்னெஸ் என்னும் பாக்டீரியாவின் செயற்பாடு. 2016 வரை இது புரொப்பியோனிபாக்டீரியம் அக்னெஸ் என அழைக்கப்பட்டது.
4. அழற்சி.

அடைப்பின் வாய் திறந்திருப்பின் கரும்புள்ளியாகவும், மூடியிருப்பின் தோலின் நிறத்திலேயே உள்ள சிறு பொரியாகவும் தெரியும். கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் ஏற்படுவதன்று. எனவே முகத்தை அடிக்கடி தேய்த்துக் கழுவுவதால் அது நீங்குவதில்லை. மாறாக எரிச்சல் கூடுகிறது.

தூண்டும் காரணிகள்

பெண்களுக்குப் பருக்கள் பெரும்பாலும் மோவாயிலும் தாடை ஓரத்திலும் தோன்றி, மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்னர் மிகும். மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் உடனிருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ளதா எனச் சோதிப்பர். ஸ்டீராய்டுகள், லித்தியம், வலிப்பு மருந்தான ஃபெனிடாயின், காசநோய் மருந்தான ஐசோனியாசிட் ஆகியனவும் பருப் போன்ற பொரிகளை உண்டாக்கக்கூடும். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் இறங்குவதாலும் மயிர்ப்பைகள் அடைபடலாம். விரைவில் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் உணவுகளுக்கும் முகப்பருவுக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது.

ஒத்த தோற்றமுடைய நிலைகள்

* பூஞ்சை மயிர்ப்பை அழற்சி: மலசீசியா என்னும் மதுவத்தால் உண்டாவது. ஒரே அளவுள்ள, அரிக்கும் பொரிகள் நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் தோன்றும். கரும்புள்ளிகள் இரா. நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் இது மிகக்கூடும். பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படும்.
* மிலியா: கண்களைச் சுற்றித் தோன்றும் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுள்ள கடினமான வெண்ணிறக் கட்டிகள். இவற்றுள் கெரட்டின் நிறைந்திருக்கும். பிதுக்கினால் வெளிவாரா, மருத்துவர் ஊசியால் கீறி எடுப்பார்.
* ரோசேசியா: கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பும் வெப்ப உணர்வும் காணப்படும். கரும்புள்ளிகள் இரா.
* வாயைச் சுற்றிய தோலழற்சி: உதட்டின் ஓரத்தை விட்டு, வாயைச் சூழ்ந்து எழும் நுண்பொரிகள். ஸ்டீராய்டு களிம்புகளே பெரும்பாலும் இதைத் தூண்டுகின்றன.

ஸ்டீராய்டு களிம்புகளும் முகமும்

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகள் இந்தியாவில் பருக்களை ஆற்றவும் முகத்தை வெளுப்பாக்கவும் தாமாகவே வாங்கிப் பூசப்படுகின்றன. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் சில நாட்களில் முகம் தெளிந்தது போல் தோன்றும். நிறுத்தியதும் பொரிகளும் சிவப்பும் எரிச்சலும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அதைத் தணிக்க மீண்டும் அதே களிம்பு பூசப்படுகிறது. இச்சுழற்சியில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, முடி வளர்ச்சியும் உண்டாகலாம். 2018-இல் இந்திய அரசு 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவரின் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நெடுநாள் பூசி வந்தவர்கள் மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவது நன்று.

சிகிச்சை

அடைப்பை நீக்கும் அடாபலீன், டிரெட்டினாயின் ஆகிய ரெட்டினாய்டு களிம்புகளும், பாக்டீரியாவைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடும் அடிப்படை மருந்துகளாகும். ரெட்டினாய்டை ஒவ்வொரு பருவின் மீதும் அன்றி, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் இரவில் மெல்லியதாகப் பூச வேண்டும். தொடக்கத்தில் தோல் உலர்ந்து உரியும். ஓர் இரவு விட்டு ஓர் இரவு பூசினால் எரிச்சல் குறையும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறை, துணி ஆகியவற்றின் சாயத்தை வெளுக்கும்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மருந்தை மாற்றிக்கொண்டிருந்தால் எந்த மருந்தின் பயனையும் அறிய இயலாது. பருக்கள் மறைந்த பின்னும் மருந்தைத் தொடராவிடில் அவை திரும்புவது இயல்பு.

டாக்சிசைக்ளின் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தனியாகவோ நெடுங்காலமோ பயன்படுத்தினால் பாக்டீரியாக்கள் மருந்தெதிர்ப்புப் பெறும். பெண்களுக்கு ஆண்ட்ரோசனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் தரப்படுகிறது. கடுமையான, தழும்பாகும் பருக்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உதவும். 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து கருவுக்குக் கடுமையான ஊனங்களை விளைவிக்கும் என்பதால், இதை உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரித்தலைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு ரெட்டினாய்டு களிம்புகளும் தவிர்க்கப்படுகின்றன. மாற்றாக அசலாயிக் அமிலம் பயன்படுகிறது.

வடுக்கள்

பரு ஆறிய இடத்தில் தங்கும் கரும்படலம் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நீடிக்கும். வெயில் அதனைக் கூட்டும். குழிவான தழும்புகளோ தாமாக மறைவதில்லை. பருக்களைக் கிள்ளாதிருத்தலும் உரிய காலத்தில் சிகிச்சை பெறுதலும் இவற்றைக் குறைக்கும்.