மூச்சுக் கணக்கு



மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான்: "கண்ணை மூடினால் மூச்சைத் தவிர மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது." கரண்டு பில், பேரனின் ஸ்கூல் பீஸ், இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்ன ஒரு சுடுசொல் என்று வரிசை கட்டிக்கொண்டு வந்து நிற்கும். உடனே செல்போன் மேல் பழியைப் போடுகிறோம். அந்தக் காலத்தில் மனசு இப்படியெல்லாம் அலையாது என்று ஒரு பெருமூச்சு வேறு.

அந்தக் காலத்திலும் அலைந்தது. அதற்கு எழுத்துச் சாட்சி ஏராளமாக இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே காலத்தைத் தள்ளியவன் நான். இந்தச் சாட்சிகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய ஆசிரியர்கள் மனசு அலைவதை ஒரு பாவமாக எழுதி வைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் பிழை வருவது சகஜம், வந்தால் இப்படித் திருத்து என்று தணிக்கைக்காரர் சொல்வாரே, அந்தத் தோரணையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது சுத்தம் முழுக்க முழுக்க இதைப் பற்றியதுதான். வேண்டாத எண்ணம் வந்தால் செய்ய வேண்டியவை ஐந்து என்கிறது. ஒன்று, தச்சன் பெரிய முளையைச் சின்ன முளையால் தட்டி வெளியே தள்ளுவது போல, வேறு நல்ல எண்ணத்தைக் கொண்டுவருவது. அது பலிக்காவிட்டால், அந்த எண்ணத்தால் வரும் கேட்டை நினைப்பது. அலங்கரித்துக்கொண்ட இளைஞன் கழுத்தில் செத்த பாம்பைத் தொங்கவிட்டால் எப்படி அருவருப்பான், அப்படி. மூன்றாவது, பார்க்க விரும்பாதவன் கண்ணைத் திருப்பிக்கொள்வது போல அதைச் சட்டை செய்யாமல் விடுவது. நான்காவது, வேகமாக நடப்பவன் 'ஏன் ஓடுகிறேன்' என்று மெதுவாக நடந்து, பிறகு நின்று, உட்கார்ந்து, படுத்துவிடுவது போல எண்ணத்தைப் படிப்படியாகத் தணிப்பது. இந்த நான்கும் பலிக்காதபோதுதான் ஐந்தாவது: பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, பலசாலி நோஞ்சானை அமுக்குவது போல மனசை அமுக்குவது.

வரிசையைக் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஐந்தாவதில் ஆரம்பிக்கிறோம். புத்தர் ஞானம் அடைவதற்கு முன் இதையே செய்து பார்த்ததாக அதே நிகாயத்தின் 36-ஆவது சுத்தத்தில் வருகிறது. அக்குளில் வியர்வை வழிந்ததாம். முயற்சி தளரவில்லை, விழிப்பும் இருந்தது, ஆனால் உடம்பு கொந்தளித்து அமைதியில்லாமல் போயிற்று.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு மனைவி தவறி ஒரு வருஷம் ஆகிறது. இரவில் தூக்கம் இல்லை. யாரோ சொல்லி ஒரு தியான வகுப்பில் சேர்ந்தார். அங்கே "மனசைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்களாம். இவர் கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் வருகிறது. நாலு நாள் போனார், ஐந்தாம் நாள் நின்றுவிட்டார். "எனக்கு இது ஒத்துவராது சார், மற்றவங்க எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க" என்றார். மற்றவர்கள் உள்ளே என்ன ஓட்டம் ஓடினார்கள் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? மனசைக் காலி செய் என்பது ஆரம்பத்தில் இருப்பவனிடம் சொல்லக்கூடிய பேச்சா? நான் படித்த எந்தப் பழைய நூலிலும் முதல் நாள் பாடம் அப்படி இல்லை. முதல் நாள் பாடம் எண்ணுவது. ஒன்று, இரண்டு, மூன்று.

எண்ணும் முறை மிகப் பழையது. கி.பி. 148-இல் சீனத்தின் லோயாங் நகரத்துக்கு வந்து சேர்ந்த பார்த்திய நாட்டுத் துறவி ஆன் ஷிகாவ், மூச்சுத் தியானம் பற்றி மொழிபெயர்த்துத் தந்த நூலிலேயே எண்ணிக்கை இருக்கிறது. ஜப்பானிய ஜென் மடங்களில் இன்றைக்கும் புதிதாக வருபவருக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வசுபந்துவின் அபிதர்மகோசம். நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் சமஸ்கிருத நூல். லூயி தெ லா வல்லே பூசான் என்ற பெல்ஜியப் பேராசிரியர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1923-க்கும் 1931-க்கும் இடையில் வெளியிட்டார். அவர் கையில் இருந்தது முக்கியமாகத் திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகள்தான். (பிரெஞ்சு வழியில் படித்ததன் பலன் ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. பணியில் இருந்தபோது எழுதியதெல்லாம் இங்கிலீஷ் நோட்தான்.) மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், அதில் மூன்று வகைப் பிழை வரும் என்கிறார் வசுபந்து. இரண்டை ஒன்றாக எண்ணுவது குறைப் பிழை. ஒன்றை இரண்டாக எண்ணுவது மிகைப் பிழை. உள்ளே போகும் மூச்சை வெளியே வரும் மூச்சாகவும், வெளியே வருவதை உள்ளே போவதாகவும் எடுத்துக்கொள்வது குழப்பப் பிழை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விட்டுப்போன பதிவு, இரட்டைப் பதிவு, வரவைச் செலவுப் பக்கத்தில் எழுதியது. எந்த ஆடிட் அறிக்கையைப் பிரித்தாலும் இந்த மூன்றும்தானே!

பிழை வந்தால் என்ன செய்வது? நடுவில் மனசு சிதறிவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணு, மனம் நிலைபெறும் வரைக்கும் அப்படியே செய் என்கிறார். அவ்வளவுதான். தண்டனை இல்லை, விளக்கம் கேட்டு மெமோ இல்லை. இதை நண்பரிடம் சொன்னேன். "எத்தனை தடவை ஒண்ணுக்குத் திரும்பலாம்?" என்று கேட்டார். அவரும் கணக்குப் பிரிவுதான், வரம்பு கேட்காமல் இருப்பாரா? நூலில் வரம்பு போடவில்லை என்றேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையில் எழுதப்பட்டது புத்தகோசரின் விசுத்திமக்கம். புத்தகோசருக்குக் காஞ்சிபுரத்தோடு தொடர்பு உண்டு. தாம் முன்பு காஞ்சிபுரம் முதலிய இடங்களில் ஜோதிபாலர் என்ற துறவியுடன் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரை சொல்கிறது. அனுராதபுரத்து மகாவிகாரைத் துறவிகள் அவருடைய தகுதியைச் சோதிக்க இரண்டு பாலிச் செய்யுள்களைக் கொடுத்தார்களாம். அதற்கு விரிவுரையாக எழுதியதுதான் இந்த நூல் என்று சூளவம்சம் சொல்கிறது. எழுதிய நூலைத் தேவர்கள் ஒளித்துவைக்க, அவர் மறுபடி எழுத, அதையும் ஒளிக்க, மூன்றாவது முறை எழுதினாராம். பிறகு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லையாம். மூன்று பிரதி கேட்கும் வழக்கத்தைத் தேவர்கள்தான் ஆரம்பித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

கதை கிடக்கட்டும். எண்ணிக்கையைப் பற்றி இந்த நூல் சொல்வதில் நுணுக்கம் அதிகம். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ண வேண்டும். ஐந்துக்குள் நிறுத்தினால் குறுகலான பட்டியில் அடைத்த மாடுகள் போல மனசு முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனசு மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். இது ரொம்ப உண்மை. நூறு வரை எண்ணிப் பாருங்கள்: வாய் எழுபது எழுபத்தொன்று என்று போய்க்கொண்டிருக்கும், மூச்சு எங்கேயோ இருக்கும்.

முதலில் மெதுவாக, நெல் அளப்பவரைப் போல எண்ண வேண்டும் என்கிறது. அவர் படியை நிரப்பி 'ஒன்று' என்று கொட்டுவார். அடுத்த படி நிரம்பும் வரைக்கும் 'ஒன்று, ஒன்று' என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் பட்ட குப்பையை எடுத்துப் போடுவார். நம் பக்கத்தில் அறுவடைக் களத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பித்து, அடுத்த மரக்கால் விழும் வரை அந்த எண்ணையே இழுத்துப் பாடுவார்களே, அதேதான். பாட்டுக்காகச் செய்வதல்ல அது. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதற்காக. மனசு பழகி, மூச்சு தெளிவாகத் தெரிய ஆரம்பித்த பிறகு வேகமாக எண்ணலாம். அதற்கு உவமை மாட்டுக்காரன். கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு காலையில் பட்டி வாசலில் உட்கார்ந்து, வெளியே வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கல் போட்டு எண்ணுகிறவன்.

எதற்காக எண்ணுவது என்பதையும் நூலே சொல்லிவிடுகிறது. வெளியே ஓடும் எண்ணங்களை வெட்டி, நினைவை மூச்சில் நிறுத்த ஓர் உபாயம், அவ்வளவுதான். எண்ணாமலே நினைவு மூச்சில் நின்றால் எண்ணிக்கையை விட்டுவிடலாம். அப்போதும் மூச்சோடு உள்ளே வெளியே என்று அலையக்கூடாது. ஊர் வாசலில் நிற்கும் காவல்காரன் ஊருக்குள்ளும் வெளியிலும் திரிகிறவர்களை எல்லாம் விசாரிப்பதில்லை. வாசலுக்கு வருபவனை மட்டும் பார்ப்பான். அதுபோல மூச்சு மூக்கில் படும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். தியானத்துக்கு முன் மனசை அடக்கிக்கொள்வதைப் பிரெஞ்சில் 'ரெக்கேய்மான்' என்பார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால், சிதறியதை மறுபடி பொறுக்கிச் சேர்ப்பது. சிதறும் என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஆயர் பிரான்சுவா தெ சால், ஜெபத்தில் மனம் அலைந்தால் அதை மிருதுவாகத் திரும்ப அழைத்து வரவேண்டும் என்று போதித்தவர். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். காஞ்சியில் தங்கியிருந்தவரும் சவாய் நாட்டுப் பாதிரியாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றால், அது மனசின் சுபாவம் என்றுதானே அர்த்தம்?

இனி பர்மாவுக்கு வருகிறேன். இந்த முறைகள் மடத்தை விட்டு வெளியே, குடும்பஸ்தர்களிடம் பெரிய அளவில் வந்து சேர்ந்தது அங்கேதான். 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து அரசரை நாடு கடத்தினார்கள். மதத்தைக் காக்க அரசர் இல்லை என்ற நிலையில், சாதாரண மக்களே படிக்கவும் தியானம் பழகவும் வேண்டும் என்று ஊர் ஊராகப் போனவர் லெடி சயாதோ (1846-1923). மூச்சுத் தியானத்துக்கென்றே அவர் எழுதிய ஆனாபான தீபனி, எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. அவரிடம் பழகியவர்களில் ஒருவர் சயா தெட்ஜி. துறவி அல்ல, விவசாயி.

அந்த விவசாயியின் மாணவர் ஒருவர் 1937 ஜனவரி 1-ஆம் தேதி ரங்கூனில் ஊ பா கின் என்ற அரசு ஊழியருக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஊ பா கின் 1899-இல் பிறந்தவர். அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1926-இல் கணக்குத் துறைத் தேர்வு எழுதித் தேறியவர். மூச்சில் மனம் நின்ற சுகத்தைக் கண்டதும் பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் ஆற்றைக் கடந்து, சேறும் சகதியுமான வயல் வழியே சயா தெட்ஜியின் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கவுண்ட்ஸ் ஆபீசில் பத்து நாள் லீவு வாங்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இந்த வரலாற்றில் என்னை அதிகம் அசத்தியது அதுதான்.

பர்மா சுதந்திரம் அடைந்த 1948 ஜனவரி 4-ஆம் தேதியன்றே அவர் அந்நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். 1950-இல் அந்த அலுவலகத்திலேயே விபஸ்ஸனா சங்கம் ஏற்பட்டது. 1952-இல் ரங்கூனில் தியான மையம் திறந்தார். ஓய்வு வயது வந்த பிறகும் அரசாங்கம் அவரை விடவில்லை; 1967 வரைக்கும் ஏதாவது ஒரு பதவி இருந்தது. வேலையையும் விடாமல், மூச்சையும் விடாமல் இருந்த மனிதர். கணக்கும் குடும்பமும் உள்ளவர்களுக்குத் தலையில் ஆயிரம் ஓடும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, தாம் நடத்திய பத்து நாள் பயிற்சியில் முதல் மூன்று நாளைக்கு மேல் மூச்சுக்கே ஒதுக்கிவிட்டார். 1955-இல் ஒற்றைத் தலைவலியோடு வந்த வியாபாரி கோயங்கா அவரிடம்தான் கற்றார். 1969-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

விஞ்ஞானிகளும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார், தியானம் பழகிய 14 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்; மனம் அலைந்தது தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அலைவது, அலைந்ததை உணர்வது, திரும்புவது, நிற்பது என்று சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தார்கள். பழகியவர்களுக்கே பொத்தானுக்கு வேலை இருந்தது என்பதை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கோயங்கா முறையில் எண்ணிக்கை கிடையாது. எண்ணோ, மந்திரமோ, உருவமோ எதையும் மூச்சோடு சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் விதி. லெடி சயாதோவின் பரம்பரையில் வந்தும் அந்தப் படியை விட்டுவிட்டார்கள். புதியவர்களுக்கு எண்ணிக்கை இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அது கணக்குப் பிரிவுக்காரனின் பட்சபாதமாகவும் இருக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேதுவுக்குப் பத்து நாள் போகிறவர்கள், நான் இங்கே எழுதிய படி, மரக்கால், கூழாங்கல் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அவர்கள் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும்.