வாசலில் பூத்த மருந்து

நித்தியகல்யாணியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாசல் ஓரம், கோயில் நந்தவனம், ஏன், சுடுகாட்டில்கூட ரோஸ் கலரிலும் வெள்ளையிலும் வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும். ‘சுடுகாட்டு மல்லி’ என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நம்ம ஊர்ச் செடி என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! அதன் பிறந்த வீடு, ஆப்பிரிக்கக் கரைக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவு. 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அழகுக்காக வளர்க்க ஆரம்பிக்க, வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

போன இடத்திலெல்லாம் நாட்டு மருந்தாகவும் ஆனது. குறிப்பாக, சர்க்கரை நோய்க்கு! ஜமைக்காவில் இலையைக் கொதிக்க வைத்து டீ போலக் குடித்தார்கள். பிலிப்பைன்ஸிலும் இதே நம்பிக்கை.

1952-ல் ஜமைக்காவிலிருந்து கொஞ்சம் இலைகள் தபாலில் கனடா நாட்டு டாக்டர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவற்றை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட்டுக்கு அனுப்பினார். ராபர்ட் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊஹூம், சர்க்கரை இறங்கவே இல்லை! சாற்றை ஊசியில் ஏற்றினால், எலிகள் கிருமி தொற்றிச் செத்துப்போயின. இன்னொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். ராபர்ட், ‘ஏன் செத்தது?’ என்று கேட்டார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. ரத்தப் புற்றுநோயில் தறிகெட்டுப் பெருகுவதும் வெள்ளை அணுக்கள்தானே!

ரசாயன நிபுணர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் அறிவித்தார்கள். அதே சமயம், அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் இதே செடியை அலசிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்தது வின்கிறிஸ்டின். 1963-ல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்ததில், மற்ற மருந்துகளோடு சேர்த்து, இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பெனிக்கு லாபம் கொட்டியது. மடகாஸ்கருக்கு? ஒன்றுமில்லை! ‘செடிதான் ஊரெல்லாம் முளைக்கிறதே, துப்புக் கொடுத்ததும் வேறு தீவுகளாச்சே’ என்று பதில் வாதமும் உண்டு. ஒரு நாட்டின் செடிகொடிகள் மீது அந்த நாட்டுக்கே உரிமை, லாபத்திலும் பங்கு என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டது 1992-ல்தான். ரொம்ப லேட்!

ஒரு விஷயம். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னால், வாசலில் இருக்கும் இலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள். அந்த எலிகளைச் சாகவிட்டதும் இதே இலைதான். அதிலிருந்து மருந்தைத் தனியே பிரித்து, சொட்டுச் சொட்டாக அளந்து, டாக்டர் கண்காணிப்பில் ஏற்றும்போதுதான் அது உயிர் காக்கிறது.