ஏகத்வம் விளம்பரச் சர்ச்சை

ஏகத்வம் விளம்பரச் சர்ச்சை என்பது, 2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடைகளின் விளம்பரப் படம் ஒன்றுக்கு இந்தியாவில் எழுந்த எதிர்வினைகளைக் குறிக்கும். எதிர்ப்பைத் தொடர்ந்து அப்படம் திரும்பப் பெறப்பட்டது.

பின்னணி

தனிஷ்க், டைட்டன் நிறுவனத்தின் நகை வணிகப் பெயராகும். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து 1984 இல் டைட்டனைத் தொடங்கின. இதன் நகைத் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது. ஏகத்வம் என்பதற்கு ஒருமை என்று பொருள். இது ஒரு நகைத் தொகுப்பின் பெயராகும்.

உள்ளடக்கம்

முசுலிம் குடும்பம் ஒன்று தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதே படத்தின் கதை. இச்சடங்கு உங்கள் வீட்டு வழக்கம் அல்லவே என்று மருமகள் வியக்கிறாள். மகளை மகிழ்விப்பது எல்லா வீட்டிலும் வழக்கம்தானே என்னும் பொருளில் மாமியார் விடையளிக்கிறார்.

எதிர்வினைகள்

படம் 'லவ் ஜிகாத்'தை ஊக்குவிப்பதாகக் குற்றம் சாட்டியோர், தனிஷ்க்கைப் புறக்கணிக்குமாறு டுவிட்டரில் அழைப்பு விடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் உள்ளிட்டோர் படத்தை ஆதரித்தனர். உணர்வுகள் புண்பட்டதையும் ஊழியர், கடைப் பணியாளர் ஆகியோரின் நலனையும் கருதிப் படத்தைத் திரும்பப் பெறுவதாக அக்டோபர் 13 அன்று நிறுவனம் அறிவித்தது. குசராத்தின் காந்திதாமில் கடைக் கதவில் மன்னிப்புக் குறிப்பு ஒட்டப்பட்டது. அக்கடை தாக்கப்பட்டதாக வந்த செய்தியைக் காவல்துறை மறுத்தது.

விளம்பர நெறிமுறை

கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் (1994), பார்வையாளரின் ஒழுக்க, சமய உணர்வுகளைப் புண்படுத்தும் விளம்பரங்களைத் தடை செய்கின்றன. 1985 இல் நிறுவப்பட்ட இந்திய விளம்பரத் தர மன்றம், துறையினரே அமைத்துக்கொண்ட தன்னொழுங்கு அமைப்பாகும். ஏகத்வம் மீதான முறையீட்டை ஆய்ந்த இம்மன்றம், படத்தில் நெறிமுறை மீறல் இல்லை என ஒருமனதாக முடிவு செய்தது. நிறுவனம் விரும்பினால் அதை ஒளிபரப்பத் தடையில்லை என்றும் தெரிவித்தது. எனவே, இப்படத்தை நிறுத்தியது சட்டமோ நெறிமுறையோ அன்று. கடை ஊழியரின் பாதுகாப்பு குறித்த அச்சமும் பொது எதிர்ப்புமே ஆகும்.

ஒத்த நிகழ்வு

2018 சூலையில் கல்யாண் ஜுவல்லர்சு தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றைத் திரும்பப் பெற்றது. தன் கணக்கில் கூடுதலாக வந்த ஓய்வூதியத்தைத் திருப்பித் தரச் செல்லும் முதியவரை வங்கி ஊழியர் அலைக்கழிப்பதாக அது காட்டியது. அமிதாப் பச்சன் முதியவராக நடித்திருந்தார். வங்கிகளின் மீது அவநம்பிக்கையை விதைப்பதாக அனைத்திந்திய வங்கி அதிகாரிகள் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. இங்கு எதிர்த்தவர்கள் படத்தில் சித்தரிக்கப்பட்ட தொழிலைச் சேர்ந்தோர் என்பது இரு நிகழ்வுகளுக்கும் இடையிலான வேறுபாடாகும்.