கிளிங்கான்கள்: பகைவர்கள் பந்திக்கு வந்த கதை

ஆர்கேனியா என்றொரு கோள். அங்கே இருப்பவர்கள் பார்ப்பதற்கு இடைக்கால ஐரோப்பியக் கிராமத்தார் போன்றவர்கள். ஆயுதம் கிடையாது, கோபமும் கிடையாது. ஆனால் அந்தக் கோள் இருக்கும் இடம் வில்லங்கமானது. ஒரு பக்கம் மனிதர்களும் வல்கன்களும் இன்னும் பல இனத்தாரும் சேர்ந்து அமைத்த கோள்களின் கூட்டமைப்பு. மறுபக்கம் கிளிங்கான் பேரரசு. போர் மூண்டுவிட்ட நேரத்தில் இரண்டுக்குமே ஆர்கேனியா வேண்டும்.

கூட்டமைப்பின் கேப்டன் கிர்க் முதலில் வந்து, 'உங்களைக் காப்பாற்றுகிறோம்' என்கிறார். 'வேண்டாம்' என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அடுத்து கிளிங்கான் தளபதி கோர் படையோடு இறங்கி ஊரைப் பிடித்துக்கொள்கிறான். இருநூறு பேரைக் கொல்ல உத்தரவிடுகிறான். அப்போதும் பெரியவர்கள் சிரித்த முகத்தோடுதான் இருக்கிறார்கள். இரு தரப்புக் கப்பல்களும் மோதப்போகும் நொடியில் எல்லோர் கையிலும் ஆயுதம் நெருப்பாய்ச் சுடுகிறது. தொட முடியவில்லை. அந்தக் கிராமத்தார் உடல் கடந்த பேராற்றல் உயிர்கள் என்று அப்போதுதான் தெரிகிறது. உடனே நடப்பதுதான் இந்தக் கதையின் உயிர். அதுவரை எதிரெதிரே நின்ற கிர்க்கும் கோரும் ஒரே குரலில் பெரியவர்கள் மீது பாய்கிறார்கள். எங்கள் போரைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமை? கேட்டு முடிப்பதற்குள் கிர்க்கின் நாக்கு தடுமாறுகிறது. தான் எதற்காக வாதாடுகிறோம் என்பது அவருக்கே உறைக்கிறது. பெரியவர் கடைசியாக இன்னொன்றும் சொல்கிறார்: நீங்கள் இருவரும் ஒருநாள் நண்பர்களாவீர்கள்.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் இந்த அத்தியாயத்தை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1967 மார்ச் 23 அன்று ஒளிபரப்பியது. கிளிங்கான் என்ற இனம் உலகத்தார் கண்ணில் பட்டது அன்றுதான். அவர்களைப் படைத்தவர் ஜீன் எல். கூன், அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி என்றாலும், கூட்டமைப்புக்கு எதிரே ஒரு பேரரசை நிறுத்தி அந்தக் கற்பனை அண்டத்துக்கு ஓர் அரசியலைக் கொடுத்தவர் கூன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். கூட்டமைப்பு அமெரிக்கா, கிளிங்கான்கள் சோவியத் யூனியன் என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் எதிரியை அறிமுகம் செய்த அதே நாளில், இவன் உன் நண்பனாவான் என்றும் எழுதிவைத்த துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன். கூன் 1973இல் காலமானார். தன் வாக்கு பலித்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் எதிரிக்கு அன்று கொடுக்கப்பட்ட முகம் அப்படிப் பாராட்டத்தக்கதல்ல. கோராக நடித்த ஜான் காலிகோஸ், செங்கிஸ்கானை மனத்தில் வைத்து ஒப்பனை செய்யலாம் என்று யோசனை சொன்னார். ஒப்பனைக் கலைஞர் ஃப்ரெட் பிலிப்ஸ் அப்படியே செய்தார். வெள்ளைக்கார நடிகருக்குப் பழுப்பு நிறப் பூச்சு, தொங்கு மீசை, மேலேறிய புருவம். அரசியலில் ரஷ்யர்கள், தோற்றத்தில் மங்கோலியர்கள். அமெரிக்க மனத்தில் 'அந்நியன்' என்ற சொல்லுக்குள் எத்தனை பயங்கள் கலந்து கிடந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இத்தனைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் கிர்க்கின் கப்பலில் செக்காவ் என்ற ரஷ்ய இளைஞனும் அதிகாரியாகச் சேர்ந்துவிட்டான். நிஜ ரஷ்யனுக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது, ரஷ்யாவைப் பற்றிய பயத்துக்கு மட்டும் வெளியே ஒரு வேடம் தேவைப்பட்டது.

வியட்நாமும் வந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், ஒரு பின்தங்கிய கோளில் கிளிங்கான்கள் ஒரு தரப்புக்குத் துப்பாக்கி கொடுக்கிறார்கள். சமநிலை கெடக்கூடாது என்று கிர்க் மறுதரப்புக்கும் அதே துப்பாக்கியைக் கொடுக்கிறார். மருத்துவர் மெக்காய் எதிர்க்கிறார், பயனில்லை. வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கி அப்போது சில நாட்களே ஆகியிருந்தன.

1979இல் வந்த முதல் திரைப்படத்தில் கிளிங்கான்களின் நெற்றியில் எலும்பு முகடு முளைத்தது. பணம் கூடியதால் ஒப்பனையும் கூடியது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய மாற்றம் 1984இல் மூன்றாவது படத்தோடு வந்தது. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் அவர்களுக்கு முழுமையான ஒரு மொழியைச் செய்துகொடுத்தார். கலிபோர்னியப் பழங்குடிகளின் மட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அந்த மொழியை நன்கு பேசத் தெரிந்த கடைசி மனிதர் 1930இலேயே இறந்துவிட்டார். பேசுவாரற்றுப் போன ஒரு மொழியின் குறிப்புகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்தான் பேசுவாரே இல்லாத ஒரு மொழியை உண்டாக்கினார். செயப்படுபொருள் முதலில், பிறகு வினை, கடைசியில் எழுவாய். ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற அமைப்பு. 1985இல் அகராதி வந்தது. கத்துவதற்கு மட்டும் வாய் திறந்த வில்லன்களுக்குச் சபதம் செய்யவும் துக்கம் காக்கவும் சொற்கள் கிடைத்தன. ஓர் இனம் மக்களாவது இப்படித்தான் என்று நம்புகிறேன்.

பிறகு 1987. செப்டம்பர் 28 அன்று தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், கூட்டமைப்பின் கப்பலிலேயே சீருடை அணிந்து நிற்கிறான் வார்ஃப் என்ற கிளிங்கான். நடித்தவர் மைக்கேல் டார்ன். பெர்லின் சுவர் இடிய இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ரேகனும் கோர்பச்சேவும் அணு ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே அந்த டிசம்பரில்தான். கதைப்படி, கிட்டோமர் என்ற கோளில் ரோமுலன்கள் என்ற இன்னோர் இனத்தார் நடத்திய படுகொலையில் பெற்றோரை இழந்த குழந்தை வார்ஃப். அவனை எடுத்து வளர்ப்பவர்கள் செர்கேய், ஹெலனா ரோஜென்கோ என்ற மனிதத் தம்பதியர். ரஷ்யர்களை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்ட இனத்தின் பிள்ளைக்கு ரஷ்யப் பெயர் கொண்ட அம்மாவும் அப்பாவும்!

சமாதானம் வந்துவிட்டது, சரி. எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு விடை 1991 டிசம்பர் 6 அன்று வெளியான ஆறாவது படத்தில் இருக்கிறது. இயக்கியவர் நிக்கலஸ் மேயர். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் கதையில் பங்கேற்றார். விண்வெளியில் சுவர் இடிந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கிளிங்கான்களின் எரிசக்தி ஆதாரமான பிராக்ஸிஸ் நிலவு வெடிக்கிறது. செர்னோபில்லின் நிழல் அது. பேரரசுக்கு இன்னும் ஐம்பதாண்டு ஆயுள்தான். கிளிங்கான் அதிபர் கோர்கான் சமாதானக் கரம் நீட்டுகிறார். அந்தப் பெயரே கோர்பச்சேவை நினைவூட்டும். அவரை அழைத்துவரும் பொறுப்பு, தன் மகனைக் கிளிங்கான்களிடம் பறிகொடுத்த கிர்க் தலையில் விழுகிறது.

இரு தரப்பும் ஒரே மேசையில் உண்ணும் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூட்டமைப்பு அதிகாரிகள் மனித உரிமை பற்றிப் பேச, கோர்கானின் மகள் அசெட்பர் வெகுண்டு எழுகிறாள். அந்தச் சொல்லிலேயே மனிதன் மட்டும்தானே இருக்கிறான், உங்கள் கூட்டமைப்பு மனிதர்களின் மன்றம்தானே என்கிறாள். விருந்துக்கு வந்தவளிடமிருந்து அந்தக் கேள்வி வருகிறது. எதிர்த்தரப்பில் யாரிடமும் பதில் இல்லை.

படத்தில் கூட்டமைப்பு அதிகாரிகள் கிளிங்கான்களைப் பற்றிப் பேசும் பேச்சு காது கூசுவது. உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் தனக்கு எழுதப்பட்ட ஒரு வசனத்தைப் பேசவே மறுத்தார். அது செக்காவுக்கு மாற்றப்பட்டது. அட்மிரல் கார்ட்ரைட்டாக நடித்தவர் பிராக் பீட்டர்ஸ். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவராக நடித்தவர். கிளிங்கான்களைக் குப்பை என்று பேசும் வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடியவில்லை, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. இருவரும் கறுப்பின நடிகர்கள். அந்த வசனங்கள் எந்த மண்ணில் விளைந்தவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராடன்பெரிக்கும் இது பிடிக்கவில்லை. 23ஆம் நூற்றாண்டு மனிதர்கள் இனவெறுப்பைக் கடந்தவர்கள் என்பது அவர் நம்பிக்கை, அந்த நம்பிக்கையில்தான் தொடரையே கட்டினார். தன் நாயகர்கள் இப்படிப் பேசுவதை அவர் எதிர்த்தார். மேயரோடு கடுமையான வாக்குவாதம் நடந்தது. நோயுற்றிருந்த ராடன்பெரி 1991 அக்டோபர் 24 அன்று இறந்தார். அந்த வாக்குவாதத்தில் தான் நடந்துகொண்ட விதத்துக்காக மேயர் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

நடந்துகொண்ட விதம் தவறாக இருக்கலாம். எடுத்த நிலை சரி என்றே சொல்வேன். பகை என்பது எதிரியின் குணம் மட்டுமே என்று காட்டியிருந்தால் அந்தப் படத்தில் சமாதானத்துக்கு விலையே இருந்திருக்காது. கோர்கானைக் கொல்லும் சதியில் கிளிங்கான் தளபதி சாங்கும் கூட்டமைப்பின் கார்ட்ரைட்டும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒருவரையொருவர் வெறுப்பவர்கள், சமாதானத்தைக் கெடுப்பதற்கு மட்டும் ஒன்றுசேர்கிறார்கள். கோரும் கிர்க்கும் ஆர்கேனியாவில் ஒரே குரலில் கத்தியதன் முதிர்ந்த வடிவம் இது. கொலைப்பழி கிர்க் மீது விழ, அவர் தன் நாட்குறிப்பில் கொட்டிய வெறுப்பே நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகிறது. பனிச் சுரங்கச் சிறையில் கிடந்துதான் தன்னையே அவர் விசாரித்துக்கொள்கிறார்.

படம் வெளியான அதே மாதம் சோவியத் யூனியன் கலைந்தது. கதையில் இரு தரப்பும் செய்துகொண்ட சமாதானமான கிட்டோமர் உடன்படிக்கை நிலைத்தது, ஆனால் இடைவிடாமல் அல்ல. 1995இல் ஒளிபரப்பான 'டீப் ஸ்பேஸ் நைன்' அத்தியாயங்களில் கிளிங்கான்கள் கார்டாசியர்கள் என்ற வேறோர் இனத்தார் மீது படையெடுக்கிறார்கள். கூட்டமைப்பு கண்டிக்கிறது, உடன்படிக்கை முறிகிறது. வார்ஃப் தன் இனத்தின் பக்கம் போகாமல் சீருடையின் பக்கம் நிற்க, அவன் குடும்பத்தின் நிலமும் பட்டமும் பறிபோகின்றன. 1997இல்தான் முறிந்தது ஒட்டுகிறது. பிறகு 2017இல் வந்த 'டிஸ்கவரி', காலத்தில் பின்னே போய், கூட்டமைப்போடு கலந்தால் தாங்கள் தாங்களாக இருக்க முடியாது என்று அஞ்சும் கிளிங்கான்களைக் காட்டியது. அவர்கள் தங்களுக்குள் முழுக்கத் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். ஆங்கிலம் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. விருந்து மேசையில் அசெட்பர் கேட்டது அங்கே ஒரு போருக்கே காரணமானது.

கோர்கானைக் கொன்ற சதியில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார்: ரோமுலன் தூதர் நாங்க்லஸ். கிட்டோமர் படுகொலையும் அந்த இனத்தின் கைவரிசைதான். வல்கன்களோடு ஒரே வேரில் பிறந்து பிரிந்துபோன ரோமுலன்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)