தறி வீட்டுப் பிள்ளையும் ஏலக் கூடமும்

2017 பிப்ரவரித் திங்கள். பெங்களூரில் ஓர் ஏலக் கூடம். ஏலம் கேட்க அமர்ந்திருந்தோர் செல்வச் சீமான்கள். ஏலத்துக்கு வந்ததோ மாடுமல்ல, மனையுமல்ல, மனிதர்கள்! பட்டியலில் ஒரு பெயர் நடராசன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். நெசவுக் கூடத்தில் கூலி வேலை பார்த்தவர் தந்தை. சாலையோரத்தில் கடை நடத்தியவர் தாய். அடிப்படை விலை 10 இலட்சம். கேள்வி ஏறிற்று, மேலும் ஏறிற்று, 3 கோடியில் நின்றது. பஞ்சாப் அணி அவரைக் கொண்டு சென்றது.

தலையெழுத்து என்பர் சிலர். திருமகள் கடைக்கண் பார்த்தாள் என்பர் வேறு சிலர். பார்க்கட்டும்! அந்த 3 கோடி எவர் பெட்டியிலிருந்து வந்தது, விலை கட்டும் உரிமையை அவருக்கு அளித்தது யார் என்று கேட்பதே நமக்கு வேலை. அதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வியர்வை சிந்தி ஆடுவோன் கூலி கேட்கலாகாது, கேட்டால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்றொரு சாத்திரம் இங்கிலாந்தில் இருந்தது. கூலி வாங்காதவர் ‘கனவான்’. வாங்குபவர் வெறும் ‘ஆட்டக்காரர்’. இவ்விரு சாராரும் எதிரெதிர் அணிகளாக நின்று ஆடும் போட்டி 1806இல் தொடங்கி 1962இல்தான் ஓய்ந்தது. உடை மாற்றும் அறை வேறு. திடலுக்குள் நுழையும் வாயில் வேறு. பெயரை அச்சிடும் முறையிலும் பேதம்: கனவானுக்குத் தலைப்பெழுத்து முன்னே, கூலிக்காரனுக்குப் பின்னே! தெருவையும் கிணற்றையும் பிரித்து வைத்த நாட்டில் பிறந்த நமக்கு இந்த ஏற்பாட்டை எவரும் வந்து விளக்க வேண்டியதில்லை. வெயிலில் நாளெல்லாம் பந்து வீசும் பாடு பெரும்பாலும் கூலிக்காரன் பங்கு. மட்டை பிடிக்கும் ஒயில் கனவான் பங்கு. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. கனவான்களின் திலகம் டபிள்யூ. ஜி. கிரேஸ், செலவுத் தொகை என்றும் பாராட்டு நிதி என்றும் பெற்ற பணத்தைக் கூலிக்காரர் எவரும் கனவிலும் கண்டதில்லை. தூய்மை என்பது ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்ட நோன்பு போலும்!

இந்த மண்ணில் அந்தச் சாத்திரம் சாதியோடு கைகோத்துக்கொண்டது. பல்வங்கர் பாலு, தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றியவர். பூனாவில் வெள்ளையர் மன்றத்துத் திடலைச் செப்பனிடும் பணியாளாய் இருந்து, அவர்களுக்குப் பந்து வீசியே வித்தை தேர்ந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தார். இந்து அணிக்கு அவருடைய கைவண்ணம் வேண்டும். ஆனால் இடைவேளைத் தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில்! அணித் தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. தம்பி விட்டலுக்குத்தான், அதுவும் 1923இல், கிட்டிற்று.

சென்னையில் வெள்ளையர் கிரிக்கெட் மன்றம் 1846இல் எழுந்தது. அங்கே இந்தியர்க்குச் சம இடமில்லை என்று மனம் கொதித்த புச்சிபாபு நாயுடு 1888இல் தனி மன்றம் கண்டார். அவர் செல்வர், தம் பணத்தில் நடத்தினார். பின்னாளில் வங்கிகளும் இரயில்வேயும் ஆலைகளும் அணிகளை வளர்த்து, ஆட்டக்காரருக்கு வேலையும் சம்பளமும் தந்தன. கூலி கேட்பது குற்றம் என்ற பழைய பொய் அங்கே தளர்ந்தது; அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஆலைகள் எங்கே இருந்தன? சங்ககிரியில் சுண்ணாம்புக் கல்லை அரைத்து சிமென்ட் ஆக்கியது இந்தியா சிமென்ட்ஸ். மேட்டூரில் இரசாயன ஆலை நடத்துவது சான்மார் குழுமம். 1966 முதல் அதன் ஆதரவில் சென்னையில் ஆடி வருவது ஜாலி ரோவர்ஸ் அணி. கல் சேலத்தினுடையது, காவிரி நீர் சேலத்து அணையினுடையது, உழைப்பு சேலத்தானுடையது, ஆடுகளமோ சென்னையில்! இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடிய நடராசன், ஊர்க்காரர் ஒருவர் கைதூக்கிவிட, இருநூறு கல் கடந்து சென்னைக்குச் சென்றார். நான்காம் டிவிஷனில் தொடங்கிப் படியேறி, அந்த ஜாலி ரோவர்ஸிலேயே இடம் பெற்றார். வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் கிரிக்கெட் திடல் திறக்கப்பட்டது 2020இல்தான்.

2015 ஜனவரியில் ரஞ்சிப் போட்டியில் முதல் முறையாக ஆடினார். உடனே பந்து வீசும் முறையில் ஐயம் கிளப்பினர். முறையைத் திருத்தி மீண்டார்; 2016இல் திண்டுக்கல் அணிக்கு அவர் வீசிய யார்க்கர்களே ஏலக்காரர் கண்ணை இழுத்தன. அப்புறம் விலை ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்: 2017இல் 3 கோடி, 2018இல் ஐதராபாத் அணிக்கு 40 இலட்சம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே ஆஸ்திரேலியாவில் மூவகைப் போட்டியிலும் அறிமுகம் கண்டார். ஒரே பயணத்தில் அப்படிச் செய்த முதல் இந்தியர் அவரே. 2022இல் 4 கோடி. 2024 நவம்பரில் டில்லி அணி தந்தது 10.75 கோடி. கை அதே கை. கட்டுபவர் கணக்குத்தான் வேறு.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? 2008இல் இந்தியா சிமென்ட்ஸ், 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கிற்று. நிறுவனத்தின் தலைவர் என். சீனிவாசன், அப்போது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர்! வாரியப் பொறுப்பாளர் வாணிப நலன் கொள்ளலாகாது என்றிருந்த விதி, அதே ஆண்டில் ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு விலக்களித்துத் திருத்தப்பட்டது. அத்திருத்தம் செல்லாது என 2015 ஜனவரி 22இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஏழாண்டுக் காலம் வேலியே பயிரோடு கூட்டு வைத்திருந்தது.

2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் 48,390 கோடி; ஆண்டுக்கு 9,678 கோடி. 2025ஆம் ஆண்டுக்கு ஓர் அணி ஆட்டக்காரரை எடுக்க விதித்த உச்சவரம்பு 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. எட்டில் ஒன்றுகூட இல்லை! ஆட்டத்துக்கு ஆட்டம் தரும் படியைச் சேர்த்தாலும் ஆறில் ஒன்றைத் தாண்டாது. அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர், தங்கள் ஆட்டம் ஈட்டும் வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகின்றனர். கேட்காமல் கிடைத்ததா? 1954இல் சங்கம் கண்டனர். 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில், ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் திடலில் கால் வைக்கோம் என்று, தொலைக்காட்சி காத்திருக்க, உடை மாற்றும் அறையிலேயே அமர்ந்துவிட்டனர். உறுதி வந்தது, பிறகே ஆடினர். நம் நாட்டிலோ 2019இல் தோன்றிய ஆட்டக்காரர் சங்கத்தில் ஓய்வு பெற்றோர்க்கே இடம். இன்று பந்து வீசுபவனுக்குப் பேரம் பேசச் சங்கமில்லை.

கிரிக்கெட்டுக்கு வெளியே நிலை இன்னும் கொடிது. பெரியவடகம்பட்டி மாரியப்பன், காய்கறி விற்ற தாயின் மகன். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதன் பிறகு மாநில அரசு 2 கோடி அறிவித்தது. தாண்டிய பின் தரும் பணத்தைத் தாண்டப் பழகும் நாளில் தந்திருந்தால், அவரோடு இன்னும் எத்தனை பேர் தாண்டியிருப்பர்?

2023 ஜூன் திங்களில் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் திடல் திறக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் தோல் பந்தில் பழகுவதற்கென்று நடராசன் தம் பணத்தில் அமைத்தது. அதற்கு எந்த ஆலையின் பெயரும் இல்லை. ஏலம் போனவர் பெயர்தான் இருக்கிறது.